யார்கிட்டயும் சொல்லாத

ஆயா முதல் தடவை விழுந்ததைப் பார்த்தது நான் மட்டும்தான். 2023 மார்கழி. திருவொற்றியூரில் எங்கள் தெரு இன்னும் விடியவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து சந்துக்குள் நுழைகிறேன். வாசல் தெளிக்க பக்கெட்டோடு வந்தவள் கடைசிப் படியில் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: “ஒண்ணியும் ஆவல. உங்கம்மாகிட்ட சொல்லாத கண்ணு. அப்பால ஊட்லயே குந்த வச்சுடுவா.”

நான் சொல்லவில்லை.

காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவள். அவளுக்கு விழுவதைவிட உட்காருவதுதான் பயம். அதனால் அந்த ரகசியத்தை ஒரு மரியாதை என்றே நினைத்தேன்.

சென்னையில் ஏது குளிர் என்று சிரிப்பார்கள். டிசம்பர் இரவில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்களுக்குப் பனிக்காலம் என்பது மழை விட்டுப்போன ஈரம். ஐப்பசியில் தொடங்குகிற மழை துணி துவைக்கிற கல்லிலும் மாடிப்படியிலும் பாசியை விட்டுவிட்டுப் போகும். ஒண்டுக்குடித்தனச் சந்துகளில் வெயில் இறங்காது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பங்களில் கச்சா எண்ணெயும் புகுந்தது. மீன், படகு, வலை என்று எல்லோரும் பேசினோம். எண்ணெய் படிந்த வாசற்படியில் வயசானவர்கள் எப்படி இறங்கி ஏறுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

மறு வருஷம் ஐப்பசி அடைமழையில், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவள் இரண்டாம் தடவை விழுந்தாள். இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஸ்டான்லிக்குக் கொண்டுபோனோம். அவள் வாயில் அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: “இதுக்கு முன்னாடி விழுந்திருக்காங்களா?”

“இல்ல சார்” என்றாள் அம்மா.

ஆயா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம் என்பதால்தான் அந்தக் கேள்வி. முதல் வீழ்ச்சியில் எலும்பு முறியாவிட்டாலும், அது ஏதோ ஒன்றைச் சொல்ல வருகிறது. ஆயா விஷயத்தில் என்னென்னவோ இருந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. பல வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போய், தரை ஈரமா காய்ந்ததா என்பதே காலுக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணில் புரை. காலில் அடி தேய்ந்த ரப்பர் செருப்பு. இதில் எதையும் மாற்ற முடியாது என்று இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் வைத்திருந்த பெயர் ‘வயசாயிடுச்சு’.

உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். முதுமையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் வி.எஸ். நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் பிரிவைத் தொடங்கியது 1978இல். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு பஸ்ஸில் வந்துவிடலாம். அந்த எண்ணம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துசேரவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு அம்மா அவளை எழவே விடவில்லை. ஆசையாகத்தான். ஆனால் படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரையும். கரைந்தால் அடுத்த தடவை இன்னும் சுலபமாக விழுவாள். பிசியோதெரபிஸ்ட் அம்மாவைத்தான் முதலில் திருத்த வேண்டியிருந்தது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது என்று தினமும் பயிற்சி. கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். ராத்திரி எழுந்தால் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்பது. பிளீச்சிங் பவுடர் போட்டுப் படியைத் தேய்த்தேன். பாத்ரூம் சுவரில் ஒரு கம்பி அடித்தோம். ஆயா அதில் பாவாடையைக் காயப்போட்டாள்.

போன கார்த்திகையில் கோயிலுக்குப் போகணும் என்றாள். ஒற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் பூராவும் கவசம் இருக்கும். கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் அதைக் களைவார்கள். கூட்டம் நெரியும், கருங்கல் தரை நனைந்திருக்கும். அம்மா முடியாது என்றாள். “அப்போ இன்னாத்துக்கு என்னிய நடக்க வச்சீங்க?” என்றாள் ஆயா. அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

மூன்றாம் நாள் போனோம். ஒரு கையில் அடியில் ரப்பர் வைத்த கைத்தடி, இன்னொரு கையில் என் முழங்கை. வரிசையில் முக்கால்வாசி அவள் வயசுப் பெண்கள்தான். தரிசனம் முடிந்து தேரடிப் பக்கம் வந்து உட்கார்ந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

“உள்ள ஒருவாட்டி கால் வழுக்கிச்சு. உன் கைய புடிச்சிகினேன்.”

நான் கவனிக்கவே இல்லை.

“ஊட்டுக்குப் போனதும் உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றாள்.