முன்பணம்

வீடியோ கேம் ஆடத் தெரியாதவர்களுக்கும் ஒரு விஷயம் புரியும். கேம் இல்லாமல் வெறும் மெஷினை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேசட்டே இல்லாத வீட்டில் டேப் ரெக்கார்டர் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனாலும் உலகம் முழுக்க ஜனங்கள் முதலில் மெஷினைத்தான் வாங்குகிறார்கள். கேம் அப்புறம் வரும். வரும் என்று கம்பெனிக்காரன் சொல்லியிருக்கிறான். அந்த 'வரும்' என்கிற ஒற்றை வார்த்தைக்குத்தான் பாதிக் காசு.

2010 ஜூன் மாதம். லாஸ் ஏஞ்சலீஸில் வருஷா வருஷம் நடந்துகொண்டிருந்த இ3 கண்காட்சி. நின்டெண்டோ ஒரு புதுக் கருவியை எடுத்து மேடையில் காட்டியது. பெயர் 3டிஎஸ். உள்ளங்கையில் அடங்கும், மடக்கலாம், இரண்டு திரை. மேல் திரையில் கண்ணாடி போடாமலே 3டி தெரியும். 'அவதார்' படம் பார்த்துவிட்டு ஊரே 3டி பைத்தியம் பிடித்து அலைந்த நேரம். கேட்கவா வேண்டும்?

மெஷினைவிட மயக்கியது அதற்கு வரப்போகிற ஆட்டங்களின் பட்டியல். மரியோ கார்ட் வரும். பழைய செல்டா புது மெருகோடு வரும். அனிமல் கிராஸிங் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் கிட் இகாரஸ். கையில் வில்லோடு பறக்கும் குட்டி தேவதூதன் பிட்டின் கதை. 1986-ல் முதல் ஆட்டம், 1991-ல் இரண்டாவது. அதோடு பயல் காணாமல் போயிருந்தான். பத்தொன்பது வருஷம் கழித்துத் திரையில் மறுபடி பறந்தபோது, சின்ன வயசில் அவனோடு ஆடியவர்களெல்லாம் மீசை நரைக்கிற பருவத்துக்கு வந்திருந்தார்கள்.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் நியூஜெர்சியில் இருக்கிறான். அவன் பையனுக்கு அப்போது ஒன்பது வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கேமராவில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். இடது பக்கம் ஆட்டத்தின் பெயர், வலது பக்கம் அது வரும் தேதி. பெயர்களெல்லாம் பேனாவில், தேதிகள் மட்டும் பென்சிலில்.

"ஏண்டா, தேதியை மட்டும் பென்சில்ல எழுதியிருக்கே?"

"டேட் மாறும் அங்கிள்."

ஒன்பது வயசில் என்ன ஒரு உலக ஞானம்!

மாறத்தான் செய்தது. 3டிஎஸ் ஜப்பானில் 2011 பிப்ரவரி 26 அன்று 25,000 யென்னுக்கும், அமெரிக்காவில் மார்ச் 27 அன்று சுமார் 250 டாலருக்கும் விற்பனைக்கு வந்தது. அன்றைக்குக் கடையில் மரியோ இல்லை. செல்டா இல்லை. பிட்டும் இல்லை. நாய்க்குட்டி வளர்க்கிற ஆட்டம் இருந்தது, விமானம் ஓட்டுகிற ஆட்டம் இருந்தது, நீர்மூழ்கிக் கப்பல் இருந்தது. நல்ல ஆட்டங்கள்தான். ஆனால் கல்யாணத்துக்கு வந்தவனை ஊறுகாயையும் அப்பளத்தையும் வைத்து எவ்வளவு நேரம் பந்தியில் உட்கார வைக்க முடியும்?

இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடி இல்லாத 3டி-யில் வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம் என்று ஒவ்வொரு கணமும் இரண்டு படம் வரைந்தாக வேண்டும். புது மெஷினின் மூச்சு பிடிபடவே ஆட்டம் எழுதுகிறவர்களுக்கு நாளாகும். இன்னொன்று, நிறைய பேர் மெஷின் வாங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று வெளிக் கம்பெனிகள் காத்திருக்கும். ஆட்டம் வரட்டும், அப்புறம் வாங்கலாம் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள். நீ முதலில் போ, நான் முதலில் போ என்று இரண்டு பேரும் வாசலிலேயே நிற்கிற கதை.

2011 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மூன்று மாதத்தில் உலகம் முழுக்க விற்ற 3டிஎஸ் சுமார் ஏழு லட்சத்துப் பத்தாயிரம்தான். நின்டெண்டோ அளவுக்கு அது படுதோல்வி. ஜூலை 28 அன்று விலையைக் குறைக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் ஜப்பானில் 25,000 யென் 15,000 ஆனது. அமெரிக்காவில் 250 டாலர் 170 ஆனது. அஞ்சு மாசத்துக்குள் எண்பது டாலர் காலி! நம்பி முதல் நாளே வாங்கியவர்கள் ஏமாளிகள், நம்பாமல் காத்திருந்தவர்கள் புத்திசாலிகள் என்று ஆகிவிட்டது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஆரம்பப் பாடம் ஒன்று உண்டு. சரக்கைக் கொடுக்கும் முன் வாடிக்கையாளரிடம் வாங்குகிற முன்பணம் வருமானம் ஆகாது. அது கடன். கல்லாப்பெட்டியில் காசு கிடக்கும், ஆனால் ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கத்தில்தான் எழுத வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் அது நம்ம பணம்.

3டிஎஸ் விஷயத்தில் கணக்குப்படி எந்தக் கடனும் இல்லை. மெஷினுக்குக் காசு வாங்கினான், மெஷினைக் கொடுத்தான். கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது. ஆனால் ஜனங்கள் மெஷினுக்காக மட்டும் காசு கொடுக்கவில்லையே? வரும் என்று சொன்ன ஆட்டங்களுக்கும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள்? எந்தப் பேரேட்டிலும் ஏறாத முன்பணம் இது.

அப்போது நின்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடா. ப்ரோகிராம் எழுதி மேலே வந்த மனுஷர், 2002-லிருந்து தலைவர். விலைக் குறைப்பை அறிவித்த கையோடு தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். மற்ற இயக்குநர்களுக்கும் இருபது, முப்பது சதவீதம் வெட்டு. முதலில் வாங்கியவர்களிடம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அதோடு, விலை குறைவதற்கு முன் வாங்கி, நின்டெண்டோவின் இணையக் கடைக்குள் ஒரு தடவையாவது நுழைந்திருந்தவர்களுக்கு இருபது பழைய ஆட்டங்கள் இலவசம். அதில் பத்து, கேம் பாய் அட்வான்ஸ் என்ற முந்தைய கருவியின் ஆட்டங்கள். அந்தப் பத்தையும் 3டிஎஸ்-ஸில் அப்புறம் யாருக்கும் காசுக்குக்கூட விற்கவில்லை. முதலில் நம்பியவனுக்கு மட்டும்தான்.

எண்பது டாலருக்கு இது ஈடா? இல்லை என்றும் வாதாடலாம். ஆனால் அந்த முன்பணம் தன் கணக்கில் கடனாக நிற்கிறது என்று ஒரு கம்பெனித் தலைவர் உணர்ந்தார் பாருங்கள், அது சாதாரண விஷயமில்லை. வாங்கினது உன் பாடு என்று போகிறவர்களைத்தானே தினமும் பார்க்கிறோம்.

ஆட்டங்களும் ஒவ்வொன்றாக வந்தன. 2011 ஜூனில் செல்டா. நவம்பரில் மரியோ, டிசம்பரில் மரியோ கார்ட். 2012 மார்ச்சில் நம்ம பிட் பறந்து வந்தான். அனிமல் கிராஸிங் அமெரிக்காவுக்கு வந்தது 2013 ஜூனில். சொன்னதிலிருந்து முழுசாக மூன்று வருஷம். ஆசைப்பட்டபோது என் நண்பனின் பையனுக்கு ஒன்பது வயசு, கையில் கிடைத்தபோது பன்னிரண்டு. மீசை அரும்பப் போகிற பயலுக்கு மரம் நட்டு, மீன் பிடித்து, வீடு கட்டுகிற ஆட்டம் இனி ரசிக்குமா என்று எனக்கே சந்தேகம். கேட்டேன்.

"தங்கச்சிதான் ஆடறா அங்கிள்" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவ தூங்கினப்புறம் நான்!"

3டிஎஸ் கடைசியில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. இவாடா 2015 ஜூலையில், ஐம்பத்தைந்து வயசில் காலமானார். 2023 மார்ச் 27 அன்று, அமெரிக்காவில் மெஷின் வந்து சரியாகப் பன்னிரண்டு வருஷம் ஆன நாளில், அதன் இணையக் கடையில் விற்பனையை நிறுத்தினார்கள்.

கம்பெனியும் பாடம் படித்த மாதிரிதான் தெரிகிறது. 2017 மார்ச்சில் ஸ்விட்ச் வந்தபோது முதல் நாளே புது செல்டா கூடவே வந்தது. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தபோது முதல் நாளே புது மரியோ கார்ட். அதற்காக 'வரும்' ஒழிந்துவிடவில்லை. 2017-ல் அறிவித்த மெட்ராய்ட் பிரைம் 4, சரியாக வரவில்லை, முதலிலிருந்து செய்கிறோம் என்று 2019-ல் அவர்களே ஒப்புக்கொண்டு, 2025 டிசம்பரில்தான் கைக்கு வந்தது. எட்டரை வருஷம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் புது மெஷின் கேட்டு நச்சரிக்கலாம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இன்றைக்குக் கடையில் எந்த ஆட்டம் இருக்கிறது என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குக் கொடுப்பது விலை. மிச்சமெல்லாம் முன்பணம். கொடுக்கலாம், தப்பில்லை. தேதியை மட்டும் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள்.