பெட்டகத்தில் இருந்த பாட்டனார்

எங்கள் வீட்டுப் பெட்டகத்திலே தடித்த தமிழ் நூலொன்று இருந்தது. ‘வைத்தியாகரம்’ என்பது அதன் பெயர். 1872ஆம் ஆண்டு அச்சானது. பூட்டனார் அந்நூலைப் பார்த்தே வைத்தியஞ் செய்தாரென்றும், அவருக்கு அதைக் கற்பித்தவர் அமெரிக்கரான கிறீன் வைத்தியரென்றும் அப்பாச்சி சொல்வார். “அவரும் எங்களுக்கொரு பாட்டன்தான், பிள்ளையள்” என்று முடிப்பார். சிறுவராயிருந்த நாம் நகைத்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவிலே அரிசியும் உடுபுடவையும் எடுத்த நாம், பெட்டகத்தைத் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது வீடு நின்றது, பெட்டகம் இல்லை. நூலை இழந்த பின்னரே அதைத் தந்தவர் எக்குடியிற் பிறந்தவர் என்றறியும் ஆவல் எம்மைப் பற்றிக்கொண்டது. 1891இல் அமெரிக்காவில் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றையும், கவிஞர் அம்பி அவரைக் குறித்து எழுதியவற்றையும் தேடிப் படித்தோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். குடும்பத்தார் வாழ்ந்த தோட்டத்துக்குக் ‘கிறீன் ஹில்’ என்று பெயர். தந்தையார் வழக்கறிஞர். ஆனால் பாட்டனார் வைத்தியர். பூட்டனாரோ வைத்தியமும் சமயப் போதகமும் ஒருங்கே செய்தவர். இதைப் படித்தபோது, நாமறிந்த பரம்பரை வைத்தியக் குடும்பங்களே எம் நினைவில் வந்தன.

தமையனார் அன்று கிறீன் நியூயோர்க்கிலே பெரும் புகழ் பெற்றார். அந்நகரின் மத்திய பூங்கா உருவாவதற்கு உழைத்தவர். சுற்றுப்புற நகரங்கள் 1898இல் ஒரே மாநகராக இணைவதற்கும் காரணராயிருந்தவர். 1903இல், வேறொருவரென்று மயங்கிய ஒருவனால் தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார்.

தம்பியார் தெரிந்துகொண்ட வழி வேறு. நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று, 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அமர்ந்து பிணி தீர்த்தார், தமிழைக் கற்றார். இடையிலே தாயகம் சென்று, மணமுடித்து, 1862இல் மீண்டு வந்தபின் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஊருக்கு உழைக்கவேண்டிய வைத்தியன் ஊரார் மொழியிலே கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. உடலமைப்பு, சத்திர வைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகிய துறைகளில் நூல்கள் தமிழாயின. அவரிடம் கற்றுத் தேறியவர் 60 பேருக்கு மேல். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். 1875இல் இரசாயன நூலான ‘கெமிஸ்தம்’ வெளிவந்தது.

அவருடைய மாணவர் பெயர்களுள் எங்கள் பூட்டனாரின் பெயரையும் தேடினோம். காணவில்லை. மீண்டும் தேடினோம், இல்லை. நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்தது போலிருந்தது. நூலும் போயிற்று, தலைமுறையாகச் சொல்லிவந்த பெருமையும் பொய்யோ என்று மயங்கினோம். கிறீனின் மாணவர் ஒருவரிடம் அவர் கற்றிருக்கலாம். அல்லது அந்நூலொன்றே அவருக்கு ஆசானாய் இருந்திருக்கலாம். எப்படியாயினும், வூஸ்ரர்க் குடும்பமொன்று தலைமுறை தலைமுறையாகப் பேணிய கலை, தமிழ் எழுத்தாகி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது உண்மையே. அப்பாச்சி ‘பாட்டன்’ என்றது இரத்த உறவையன்று என்பதை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

கிறீன் 1884இல் வூஸ்ரரிற் காலமானார். தம்மைத் தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்த ஊழியரென்றே கல்லறையிற் பொறிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறித்தனர். எங்கள் பெயரை அவர் தம் கல்லிலே வைத்துக்கொண்டார். நாமோ அவர் நூலைப் பெட்டகத்திலே விட்டு வந்தோம்.

மாணவ மாணவியரே, உங்கள் வீடுகளிலும் பழைய பெட்டகங்கள் இருக்கக்கூடும். அப்பாச்சியும் அம்மம்மாவும் இருக்கும்போதே அவற்றைத் திறந்து, உள்ளே இருப்பவர் யாரென்று கேட்டு எழுதி வையுங்கள். எமக்கு அந்த வாய்ப்பு ஓரிரவிலே கை நழுவிற்று.