மேல் ஏரித் தண்ணீர்

சிங்கப்பெருமாள் கோவில் சிக்னலில், ஒரகடம் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஏரி மண் ஏற்றிய டிப்பர் ஒன்று வந்து நின்றால் போதும், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கசியும் பாசி வாடை டீசல் புகையையும் மீறி மூக்கில் ஏறி, என்னைத் திருக்கச்சூரில் தாத்தாவின் கழனி மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கோடையில் ஏரி வற்றியதும் மாட்டு வண்டிகளில் வண்டல் அடிப்பார்கள், தாத்தா ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கி, முகர்ந்து, "மேல் ஏரி மண்ணுடா இது" என்பார், அந்தக் கையை உடனே கழுவமாட்டார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போதும் விரல் இடுக்கில் அந்தக் கருமை இருக்கும். எந்த ஏரி நிரம்பி, எந்தக் கலங்கல் தாண்டி, யார் கழனிக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது ஊரில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும்.

ஆயாவின் திருக்கச்சூர் வேறு. பசியோடு வந்து உட்கார்ந்த சுந்தரருக்காகச் சிவபெருமானே ஓடேந்தி வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வந்த ஊர் இது, கச்சபேசுவரர் கோவிலில் விருந்திட்ட ஈசுவரராக இன்றும் இருக்கிறார். அந்தக் கதையை ஆயா சொல்லும்போது பக்தியோடு அடுப்படிக் கவலையும் சேர்ந்துவிடும், "எந்த வூட்டுக் கொழம்பு எந்த வூட்டுச் சோத்துல விழுந்துச்சோ, உப்பு கூடவோ கொறையவோ, பசிக்கு ஒண்ணாத்தான் இறங்கியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே முறத்தில் கல் பொறுக்கும்.

1980 வாக்கில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் பக்கத்திலேயே மறைமலை நகரைத் துணை நகரமாக எழுப்பியது. காட்டாங்குளத்தூர், பொத்தேரி, பேரமனூர், நின்னக்கரை, எங்கள் திருக்கச்சூர் என்று அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் மெல்ல மெல்ல அந்த ஒரே நகராட்சிக்குள் வந்து சேர்ந்தன. தாத்தா மறைமலை நகர் என்ற பெயரைப் பிழையில்லாமல் சொல்வார், மறைமலையடிகள் மேல் அவருக்கு மரியாதை உண்டு, ஆனால் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது மட்டும் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்.

அவரோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பாடலாத்ரி நரசிம்மரைப் பார்க்கப் போவேன், பல்லவர் குடைந்த பாறைக்குள் துளசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஒரு குளிர்ச்சி, பட்டர் நாமத்தை லேசாக உயர்த்தித் தீபம் காட்ட, நெற்றிக்கண் ஒரு கணம் தெரிந்து மறையும். பிறகு மலையைச் சுற்றுவோம், அழிஞ்சில் மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, வெயிலில் மினுங்கும் ஏரிகளைக் கைத்தடியால் காட்டி, அது நிரம்பினால் இது, இது நிரம்பினால் அடுத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார், எனக்கு அப்போது பசிதான் பெரிதாக இருக்கும்.

இப்போது அங்கே நின்றால் ஷெட் கூரைகள்தான் மினுங்குகின்றன. மறைமலை நகரின் பெயரை உலகம் வரை கொண்டுபோன ஃபோர்டு ஆலையே 2022-ல் கடைசிக் காரை வெளியே அனுப்பிவிட்டது. சொத்து வரி ரசீதில் வார்டு எண் இருக்கிறது, குழாயும் தெருவிளக்கும் வந்தன, அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஊர்ப் பெயர்கள் அழிந்துவிட்டன என்று வெகுகாலம் வருந்தியிருக்கிறேன், அது வீண் வருத்தம், ஆடியில் கூழ் ஊற்றும் நோட்டீஸ்களில் ஒவ்வொரு ஊரும் தன் பெயரைத் தடித்த எழுத்தில்தான் போட்டுக்கொள்கிறது. நகராட்சி வருவதற்கு வெகுமுன்பே இந்த ஊர்களைச் சேர்த்துவைத்திருந்தவை கலங்கல்களும் கால்வாய்களும்தான், அவற்றின் மேல் இன்று மனைகள் விழுந்துவிட்டன.

2015 டிசம்பர் மழையில் தெருவுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியபோது, இது எங்கிருந்து வருகிறது என்று வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், தாத்தாவாக இருந்தால் ஏரியின் பெயரையே சொல்லியிருப்பார். அதன்பிறகுதான் பழைய கிராம வரைபட நகலை எடுத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களிடம் போக ஆரம்பித்தேன். அவர்களுக்கு வரைபடம் பிடிபடுவதில்லை, என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், ஒரு காம்பவுண்டுச் சுவரைக் காட்டி, "இங்கதான் மதகு இருந்துச்சு, எழுதிக்கோ" என்கிறார்கள், எழுதிக்கொள்கிறேன்.