வயலினா? புல்லாங்குழலா? - ஒரு பெருமுக்கல் பட்டிமன்றம்

பெருமுக்கல்லில் போய் 'ராக்' என்று சொன்னால் மலையைத்தான் காட்டுவார்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம், உச்சியில் முக்தியாசலேஸ்வரர் கோயிலோடு நிற்கிற மலை. குகையில் பழங்கால மனிதர்கள் செதுக்கிய பாறைக் கீறல்களும் உண்டு. மற்றபடி கிடாரைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற ராக் சமாச்சாரம் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை.

ஆனால் வெளிநாட்டில் பீட்டில்ஸ் ரசிகர்கள் எந்த ஆல்பம் உசத்தி என்று அடித்துக்கொள்கிறார்களே, அதே சண்டை இங்கே ஒரு சைக்கிள் கடையில் முப்பது வருஷமாக நடந்தது. சண்டை இளையராஜாவைப் பற்றி. அதுவும் சினிமாப் பாட்டு இல்லை! 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' பெரியதா, 1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்' பெரியதா என்று.

ஒரு பக்கம் சைக்கிள் கடைக்காரர். இன்னொரு பக்கம், சின்னப் பையனாக அவரிடம் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு, பிறகு கல் உடைக்கும் கிரஷருக்கு வேலைக்குப் போன தம்பி. சொந்தத் தம்பி இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தம்பி ஆகிவிட்டவர்.

இளையராஜா எப்படியும் ஒரு தினுசான மனிதர்தான். படத்துக்குப் படம் ஹிட் கொடுத்துக்கொண்டிருந்த எண்பதுகளில், வரியே இல்லாத ஒரு கேசட்டைப் போட்டு, அதற்கு 'இதற்கு என்ன பெயர் வைப்பது' என்றே பெயரும் வைத்தவர். 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மனிக் இசைக்குழுவை வைத்து ஒரு சிம்பொனி பதிவானது. அது கடைசிவரை வெளியே வரவே இல்லை. இப்படிப்பட்டவருக்கு ரசிகனாக இருப்பதற்குத் தனியாகப் பொறுமை வேண்டும்.

கடைக்காரருக்கு 'ஹவ் டு நேம் இட்' தான் உயிர். தியாகராஜருக்கும் பாஹ்குக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம் அது. பாஹ் 1750-ல் இறந்தார், தியாகராஜர் பிறந்ததே 1767-ல். ஒருவரையொருவர் பார்த்திருக்கவே முடியாத இரண்டு பேரை ஒரே கேசட்டில் உட்காரவைத்துப் பேசவிட்டிருப்பார் ராஜா. 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' கேட்டவர்களுக்குத் தெரியும். பாஹ் தனி வயலினுக்கு எழுதியதை வி.எஸ்.நரசிம்மன் வாசித்துக்கொண்டே போக, அதைச் சுற்றி ராஜாவின் இசை வந்து சேரும். இன்னொன்று 'மேட் மாட் மூட் ஃபியூக்'. ஒரு குரல் ஆரம்பித்த மெட்டை அடுத்த குரல் பின்னாலேயே வந்து பிடிக்கும். முதல் குரல் அதற்குள் வேறு பக்கம் ஓடியிருக்கும். தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிற மாதிரி. ஃபியூக் என்றால் இவ்வளவுதான். (இதைப் புரிந்துகொள்ள இசைக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. கடைக்காரர் எட்டாவதோடு நின்றவர்.) பாலுமகேந்திரா 'வீடு' படத்தின் பின்னணிக்கு இந்த ஆல்பத்தைத்தான் எடுத்துக்கொண்டார் என்று சொல்லும்போது, ஏதோ இவரைக் கேட்டு எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு பெருமை முகத்தில் வரும் :)

தம்பிக்கோ ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். 'நத்திங் பட் விண்ட்' கேசட்டில் மொத்தமே ஐந்து உருப்படிகள்தான். "காத்தே பாட்டுப் பாடுதுண்ணா, இதுக்கு மேல இன்னா வேணும்?" என்பார். வயலின் கேசட்டைப் போட்டாலோ, "இன்னாண்ணா இது, துணிய மூடிக்கினு வாசிக்கிற மாதிரி கீது" என்று எழுந்து போய்விடுவார்.

அந்த ஒரு வார்த்தையில் கடைக்காரருக்குப் பயங்கரக் கோபம். நரசிம்மன் வாசிப்பைப் போய் துணி மூடியது என்கிறானே! ஒருமுறை இரண்டு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை.

நடுவில் கடைக்காரரின் தங்கை மகன், திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகிறவன், ஒருநாள் ஆல்பத்தில் இருக்கும் உருப்படிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். ஒன்றின் பெயர் 'டோண்ட் கம்பேர்'. "ஒப்பிடாதேன்னு அர்த்தம் மாமா." மூன்று பேரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு, பிறகு கடையே அதிரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சண்டை தொடர்ந்தது. பையனுக்கு 2005-ல் வந்த 'திருவாசகம்' தான் ஒசத்தி. ஆனால் அவன் கட்சியை யாரும் சீண்டவில்லை.

தம்பிக்குப் புதுச்சேரியில் காது பரிசோதனை செய்தது வேறு காரணத்துக்காக. வீட்டில் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதையே திரும்பக் கேட்கிறார், திமிர் பிடித்துப்போச்சு என்று மனைவிக்கு வருத்தம். பரிசோதனைத் தாளில் ஒரு கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணறு மாதிரி இறங்கியிருந்தது.

இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குக் காது முதலில் போவது அந்த இடத்தில்தான். 3000-லிருந்து 6000 வரை. எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் எல்லை 90 டெசிபல். கிரஷர் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தவர்களுக்கு அந்த எல்லையெல்லாம் எங்கே நிற்கும் என்று தெரியும். காதுக்கு மூடி யாரும் கொடுக்கவில்லை. தம்பி துண்டைச் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான்.

கீழ்ச் சத்தங்கள் நன்றாகவே கேட்கும். அதனால் காது போகிறது என்றே தெரியாது. 'ச', 'ஷ' மாதிரி எழுத்துகள்தான் மெதுவாக உதிரும். வயலினுக்கு அந்தப் பளபளப்பைக் கொடுக்கிற மேல் ஓசைகளும் அந்தப் பகுதியில்தான் நிறைய இருக்கின்றன. சௌராசியாவின் மூங்கில் குழல் பெரும்பாலும் அதற்குக் கீழேயே உலவுகிறது. துணி மூடின மாதிரி என்று தம்பி சொன்னது விமர்சனமே இல்லை. அவருக்குக் கேட்டதை அப்படியே சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் அதற்குப் பிறகு வாதாடுவதை நிறுத்திவிட்டார். தம்பி கடைக்குள் நுழைந்தாலே 'நத்திங் பட் விண்ட்' ஓடும். நாலு நாள் பொறுத்துப் பார்த்த தம்பிக்கு வந்ததே கோபம்!

"காது போச்சுன்னு எனக்கு வுட்டுக் குடுக்கிறியாண்ணா? கிரஷருக்குப் போறதுக்கு முந்தியே எனக்குக் குழல்தான் புடிக்கும். இங்கதான கேட்டேன், உனுக்குத் தெரியாதா?"

கடைக்காரர் தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு ஞாபகம் இருப்பது வேறு. பதினாலு வயசுப் பையன், ட்யூபில் சொல்யூஷனைத் தடவிக் காயவைத்துவிட்டு, 'ஹவ் டு நேம் இட்' வயலின் மெட்டை நாள் பூராவும் சீழ்க்கை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தப்பாக அடிக்கிறான் என்று அவரே ஒருமுறை திருத்தியிருக்கிறார்.

2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறிய செய்தியைத் தங்கை மகன் போனில் காட்டினான். தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இதுல குழல் கீதாடா?" என்றார்.

"இருக்கும்ணா."

"பார்த்தியாண்ணா!" என்று கடைக்காரர் பக்கம் திரும்பினார். அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயலினும் இருக்கும்டா," என்றார், கொஞ்சம் சத்தமாக.