ஒரு முந்திரி இடைவெளி

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. கோடையில் வெடித்துப் பிளப்பதும், மழை பெய்தால் ஊறிப் பருப்பதும் அந்நிலத்தின் இயல்பு. வானம் அடிக்கடி பொய்க்கும் அப்பகுதி மக்கள் உழவை மட்டும் நம்பியிருக்க இயலவில்லை. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அங்கே தழைத்தன. தொழில் பெருகவே வண்டிகள் பெருகின. வண்டிகள் பெருகவே அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் சாலையோரங்களில் தோன்றின.

அத்தகைய பட்டறை ஒன்றில், தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, பழைய அம்பாசிடர் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும் அதன் உரிமையாளர் தம் காரை விடவில்லை. பட்டாசு வாங்க வரும் வெளியூர் வணிகர்களை ஏற்றிச் சென்று அச்சில வாரங்களில் அவர் ஈட்டும் பொருளே, அவர் குடும்பத்திற்குப் பல மாதங்களுக்கு உணவாயிற்று. முடுக்கியிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் கியர்பெட்டிக்குள் ‘டக்’ என்ற ஓசை எழுவதாகவும், இரைச்சல் நாளுக்கு நாள் மிகுவதாகவும் அவர் கூறினார்.

பெட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினர். அதனுள்ளே பல்சக்கரங்களைத் தாங்கிய தண்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அடியில் தனித்துக் கிடக்கும். பட்டறையில் அதனை லே ஷாஃப்ட் என்பர். அதன்மேல் பல சக்கரங்கள் ஒன்றாய் இணைந்த தொகுதி ஒன்று சுழல்கிறது. அச்சக்கரங்களுள் பெரும்பாலானவற்றின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. சாய்ந்த பற்கள் ஓசையின்றி ஓடும். ஆனால், ஒன்றையொன்று தள்ளும்போது சக்கரத்தைச் சுழற்றுவதோடு நில்லாமல், தண்டின் நீளவாக்கிலும் தள்ளும். வண்டி இழுக்கும்போது ஒரு பக்கமும், முடுக்கியை விடும்போது மறுபக்கமும் அத்தள்ளல் விழும். அதனைத் தாங்குவதற்காகவே தொகுதியின் இரு முனைகளிலும் வாஷர் எனப்படும் வட்டத் தகடுகளை வைத்திருக்கின்றனர்.

தொகுதிக்கும் அத்தகடுகளுக்கும் இடையே சிறிது இடைவெளி வேண்டும். அதன் முன்பின் அசைவைப் பட்டறையில் ‘ஆட்டம்’ என்பர். ஆட்டம் மிகுந்தால் தொகுதி முன்னும் பின்னும் மோதும், பற்கள் தேயும். ஆட்டமே இல்லாவிட்டால் எண்ணெய் புகுவதற்கு இடமிராது. தகடு சூடேறித் தீய்ந்து, ஈற்றில் சக்கரமே இறுகிவிடும். இவ்வகைப் பெட்டிக்கு உரிய அளவு, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு அல்லது மூன்று கூறு. நம் முன்னோர் முந்நூற்றிருபதில் ஒரு பங்கை ‘முந்திரி’ என்றனர். ஓர் அங்குலத்தில் ஒரு முந்திரி என்பது ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று கூறுதான். மனிதனின் தலைமயிர் ஒன்றின் பருமனும் கிட்டத்தட்ட அவ்வளவே.

ஐ.டி.ஐ. படிப்பை முடித்து அங்கே வேலை பழகிவந்த இளைஞன் ஒருவனிடம் அளக்கும் பணி விடப்பட்டது. அதற்கு முன்னரே அவனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. புதிதாக வாங்கிய பேரிங் ஒன்றைக் கையிலெடுத்து ஆட்டிப் பார்த்தான். அது சற்றே அசைந்தது.

“அண்ணே, இது புதியதாக இருந்தும் ஆடுகிறதே! திருப்பிக் கொடுத்துவிடலாமா?” என்றான்.

பட்டறைக்காரர் அதன் விளிம்பில் பொறித்திருந்த ‘சி3’ என்னும் குறியைக் காட்டினார். “மற்றவற்றைவிடச் சற்றே தளர்வாகச் செய்தது என்பதற்கு அடையாளம் அது, தம்பி. ஓடும்போது உள்வளையம் வெளிவளையத்தைவிட மிகுதியாகச் சூடேறும், சூடேறினால் பருக்கும். இப்போது நீ காணும் ஆட்டத்தை அந்தச் சூடு தின்றுவிடும்,” என்றார்.

ஆட்டம் எல்லாம் குற்றமன்று. சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் நெசவாலை ஒன்றில் பொறியாளராய் இருந்தவர் ஸ்வென் விங்குவிஸ்ட். அந்த ஆலையின் அடிநிலம் களிமண். நிலம் அசையுந்தோறும் சுழல்தண்டுகள் கோணின, பேரிங்குகள் உடைந்தன. தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தானும் உடன்சாய்ந்து ஓடும் பேரிங் ஒன்றை அவர் 1907-ஆம் ஆண்டில் வகுத்தார். கரிசல் மண்ணில் கட்டடம் எழுப்பியவர்களுக்கு அவருடைய தொல்லை எளிதில் விளங்கும்.

ஆனால், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. கூம்புருளைப் பேரிங்குகளுக்கு ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை பெற்றார். இவ்வகைப் பேரிங்குகள் உள்ள பெட்டிகள் பலவற்றில் சிறிதும் இடைவெளி விடாமல், சற்றே அழுத்தி இறுக்குவர். கூடு அலுமினியமாயின் காரணம் இன்னும் தெளிவு. ஒரு பாகை வெப்பம் ஏறினால், ஒரு மீட்டர் நீள எஃகு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும், அலுமினியமோ 0.023 மில்லிமீட்டர் நீளும். சூடேறிய கூடு தண்டைவிட மிகுதியாக நீண்டு, தானே இடைவெளியை உண்டாக்கிவிடும். அவ்வகைப் பெட்டிகளில் தண்டின் முனையில் டயல் கேஜின் ஊசியைப் பொருத்தி, தண்டை முன்னும் பின்னும் தள்ளி அசைவை அளந்து, அதற்கேற்ற கனமுள்ள ஷிம் தகட்டைத் தேர்ந்து வைப்பர்.

அம்பாசிடர் பெட்டிக்கு அவ்வளவு கருவி வேண்டியதில்லை. ஃபீலர் கேஜின் மெல்லிய இதழ்களே போதும். இளைஞன் தகடுகளுக்குக் கிரீஸ் தடவிப் பொருத்தினான். தொகுதியை இறக்கித் தண்டைச் செருகினான். ஒரு பக்கமாகத் தள்ளி இதழ்களை நுழைத்துப் பார்த்தான். மூன்றாம் எண் இதழ் இழுப்பாய் நுழைந்தது; நான்காம் எண் நுழையவில்லை. குறிப்பேட்டில் ‘மூன்று’ என எழுதினான். மாலைக்குள் மற்ற தண்டுகளும் பெட்டிக்குள் ஏறின.

உரிமையாளர் வந்தார். “அண்ணாச்சி, நாளைக் காலை மதுரைப் புகைவண்டியில் இரண்டு வணிகர்கள் வருகிறார்கள். வண்டி கிடைத்துவிடுமல்லவா?” என்று கேட்டார். “கிடைத்துவிடும்,” என்றார் பட்டறைக்காரர்.

இரவு பட்டறையைப் பெருக்கும்போது இளைஞனின் கை நின்றது. அன்று அவன் கை துடைத்த பஞ்சுக் கழிவு நைந்து இழை இழையாய் உதிர்ந்துகொண்டிருந்தது. கிரீஸ் தடவிய விரல்களையும் அதனால்தான் துடைத்திருந்தான். தகட்டின் பின்னே ஓர் இழை ஒட்டியிருந்தால்? இழையின் பருமன் இடைவெளியில் குறைந்திருக்கும், அளவு பொய்யாயிருக்கும். வண்டி நாலைந்து நாள் ஓசையின்றி ஓடும். எண்ணெயில் இழை நைந்து கரைந்ததும் பழைய ஆட்டம் திரும்பும். அவன் எழுதிய ‘மூன்று’ என்னும் எண்ணை ஐயுற வேறு எவருக்கும் காரணம் இல்லை.

அவன் சற்று நேரம் துடைப்பத்துடன் நின்றான். பின்பு உள்ளே சென்று, “அண்ணே, நான் அளந்ததில் எனக்கே நம்பிக்கை இல்லை,” என்றான்.

பட்டறைக்காரர் காரணத்தைக் கேட்டார், கடிந்துகொள்ளவில்லை. விளக்கைப் பெட்டியருகே இழுத்து வைத்துவிட்டு, ஸ்பானரை அவன் கையில் கொடுத்தார். அத்தனை வேலையையும் குலைத்துத் தொகுதியை மீண்டும் வெளியே எடுக்க நள்ளிரவாயிற்று. பின்புறத் தகட்டின் அடியில், கிரீஸில் புதைந்து கிடந்தன இரண்டு பஞ்சிழைகள். தூய துணியால் துடைத்து மீண்டும் அளந்தபோது ஏழாம் எண் இதழ் நுழைந்தது.

ஏழு இருந்த இடத்தில் இரண்டு இருக்கவேண்டும். ஆகவே ஐந்து கூறு மிகுந்த கனமுள்ள தகடு தேவை. இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிச் சரிக்கட்டுவாரும் உண்டு. அவை தனித்தனியே சுழன்று ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் பட்டறைக்காரர் அதற்கு இசையவில்லை. விடியுமுன்னே உரிமையாளருக்குச் செய்தி சொல்லப்பட்டது. அவர் வருந்தினார், சிறிது சினந்தும் பேசினார். பின்பு உறவினர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு புகைவண்டி நிலையத்துக்குப் போனார்.

மதுரையிலிருந்து பேருந்தில் வந்த தகடு நண்பகலில் கைக்குக் கிடைத்தது. இளைஞன் மும்முறை அளந்தான். மும்முறையும் இரண்டாம் எண் இதழ் நுழைந்தது, மூன்றாம் எண் நுழையவில்லை. குறிப்பேட்டில் பழைய ‘மூன்றை’ அழிக்காமல், அதன்மேல் ஒரு கோடு மட்டும் இழுத்து, அருகில் ‘இரண்டு’ என எழுதினான்.