திருநாதர்குன்றில் ஒரு மாலை

நம் பங்குகளில் பயணம் என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் உண்டு. வேளாங்கண்ணி; இல்லையேல் பூண்டி, வில்லியனூர், சேத்துப்பட்டு. வேன் புறப்படும்போது செபமாலை தொடங்கும். திரும்பும்போது மொட்டைத் தலைகளும் எண்ணெய்ப் புட்டிகளும் நிறைந்திருக்கும். ஆகவே தை மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிவில், “செஞ்சிக்கு ஒரு நாள் சுற்றுலா” என்று நான் அறிவிப்பு வாசித்தபோது கோயிலில் சிறு சலசலப்பு எழுந்தது. வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர் கேட்டார்: “அங்கே எந்த மாதா கோயில், சாமி?” கோயிலுக்கு அல்ல, கோட்டைக்கு என்றேன். “கோட்டையில என்ன நேர்த்திக்கடன்?” என்றார். ஆயினும் முதலில் பெயர் கொடுத்தவரும் அவரே.

உடன் வந்தவர்களுள் பலர் ஆரணிப் பக்கத்திலிருந்து செய்யாற்றில் வந்து குடியேறிய பட்டு நெசவுக் குடும்பத்தினர். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்துவிட்டால், கண்ணெதிரே விரிந்திருக்கும் பட்டின் அகலமே அவர்களுக்கு அன்றைய உலகம். இழை அறுந்துவிடுமோ, ஜரிகை பிசகிவிடுமோ என்று பார்வையை அங்கேயே ஊன்றியிருப்பார்கள். ஒருநாளாவது தொலைவைப் பார்க்கட்டும் என்பதே என் எண்ணம். வேறு உயர்ந்த நோக்கம் ஏதும் எனக்கு இருக்கவில்லை.

வந்தவாசியில் எங்களுடன் ஏறிக்கொண்டார் வழிகாட்டி. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்; கையில் ஒரு மூங்கில் கோலும் தோளில் ஒரு துணிப்பையும். 1760 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றது இவ்வூரில்தான் என்று தொடங்கியவர், அன்று இரவு வரை ஓயவில்லை. தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் முதலில் இறங்கினோம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சிவன் கோயில் அது. தூண் ஒன்றின் மேற்பகுதியில் சிறிய வடிவில் சிவன் ஆடுகிறார். தமிழ்நாட்டில் ஆடவல்லானைக் கல்லில் வடித்த மிகப் பழைய வடிவங்களுள் அது ஒன்று என்பர். அதே ஊர்க் குன்றின் மேல் சமணச் சிற்பங்களும் உள்ளன. நேரமில்லை என்று ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார்; சுற்றுலாக்களில் உண்மையான அதிகாரம் ஓட்டுநரிடமே இருக்கிறது.

செஞ்சியை நெருங்க நெருங்க நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. வயல்களுக்கு நடுவே, யாரோ அரக்கர்கள் பொறுக்கிக் குவித்தது போலப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கின்றன. எப்படி அடுக்கினார்கள் என்று ஒரு சிறுவன் கேட்டான். யாரும் அடுக்கவில்லை தம்பி என்று ஆசிரியர் விளக்கினார். நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு இறுகிக் கருங்கல்லாயிற்று. மேலிருந்த சுமை காலப்போக்கில் அரித்துப் போகவே, அழுத்தம் குறைந்த கல் குறுக்கும் நெடுக்குமாய் விரிசல் கண்டது. விரிசல் வழியே இறங்கிய நீர் ஒவ்வொரு கட்டத்தின் முனைகளையும் மெல்லக் கரைத்து உருண்டையாக்கியது. பின்னர் இடையிலிருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. உருண்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டன. இக்கற்களின் வயதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில்தான் சொல்ல முடியும் என்றார். குருமடத்தில் தொடக்கநூலைக் கற்பித்த நாள்களில், படைப்பின் நாள்களை நம் கடிகாரத்தால் அளவாதீர்கள் என்று பேராசிரியர் சொல்வதுண்டு. அப்பாடத்தை இங்கே நடத்தியிருந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. இளைஞர்கள் இராசகிரி உச்சிக்கு ஏறினார்கள். ஏறத்தாழ எண்ணூறு அடி உயரம். உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து கிடக்க, ஒரு சிறு பாலத்தின் வழியாகத்தான் கடக்க வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் உள்ளே போக முடியாது. முழங்கால் ஒத்துழைக்காத நானும் சில முதியவர்களும் கலியாண மகாலின் நிழலிலேயே தங்கிவிட்டோம். குரங்குகள் எங்கள் புளிச்சோற்றில் தங்களுக்குரிய பங்கை எடுத்துக்கொண்டன.

அங்கே அமர்ந்திருந்தவர்களுக்கு நான் அறிந்த ஒன்றைச் சொன்னேன். 1597இல் இயேசு சபையின் பார்வையாளரான நிக்கோலா பிமெந்தா அடிகளார் இந்நகருக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல்லில் இதற்கு நிகரான நகரம் இல்லை என்றும் எழுதிவைத்தார். மன்னர் கிருட்டிணப்ப நாயக்கரைக் கண்டபோது, அவர் பட்டுக் கம்பளத்தின் மேல் இரு திண்டுகளில் சாய்ந்து, நீண்ட பட்டாடையும் முத்து மாலையுமாக வீற்றிருந்தார் என்பதும் அவர் குறிப்பே. “அந்தப் பட்டை நெய்தது யாரு, சாமி?” என்று ஒரு நெசவாளர் உடனே கேட்டார். பிமெந்தா அதை எழுதவில்லை. “எழுத மாட்டாங்க” என்றார் அவர், சற்றும் கசப்பில்லாமல்.

இளைஞர்கள் இறங்கி வந்ததும் ஆசிரியர் தேசிங்குராசன் கதையை எடுத்தார். அதுவரை தகவல் சொன்ன குரல் அப்போதுதான் பாட்டானது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, சிறு படையோடு பெரும்படையை எதிர்த்து, 1714இல் இருபத்திரண்டு வயதில் அவன் மடிந்தான். அவனோடு தோள்நின்று உயிர்விட்ட நண்பன் ஓர் இசுலாமியன் என்று கதைப்பாடல் போற்றுகிறது. குதிரை நீலவேணியைப் பற்றிச் சொல்லும்போது சிறுவர்கள் வாய்பிளந்து கேட்டனர். பிறகு அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறியதைச் சொன்னார். நவாபே மனம் நெகிழ்ந்து அவள் நினைவாக இராணிப்பேட்டையை அமைத்தான் என்றார். ஆண்கள் தலையசைத்தனர். பெண்கள் அசைக்கவில்லை. அவர்களுள் ஒருத்தி, “அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். ஆசிரியர் நல்லவர், குரலைத் தாழ்த்தி, “சின்னப் பெண்தானம்மா” என்றார். ஒரு பெண் தீக்குள் போனதை வீரம் என்று பாடிய மரபு எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், என்னால் அதில் கலந்துகொள்ள இயலாது.

பிற்பகலில் சிங்கவரம். குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரின் முகம் ஒருபுறம் திரும்பியிருக்கிறது. போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்குக்கு மனமில்லாமல் கடவுள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர் வழக்கு. சிற்பம் தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது என்று ஆசிரியரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வெயில் தணிந்தபின் திருநாதர்குன்று. அங்கே கோட்டையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியைத் தவிர வேறு ஆளில்லை. குன்றின் மேல் ஒரு பெரும் பாறை. அதன் முகத்தில் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரிலிருந்து மற்றவரைப் பிரித்தறிய அடையாளம் ஏதுமில்லை. இருபத்துநான்கு முறை அதே அமைதி. நம் வட்டாரத்தில் நயினார்கள் என்று நாம் அழைக்கும் தமிழ்ச் சமணர்களை ஆரணியிலும் வந்தவாசியிலும் நாளும் காண்கிறோம். நம் அண்டை வீட்டாரின் வேர் இவ்வளவு ஆழமானது என்பதை அங்கே நின்றபோதுதான் பலர் உணர்ந்தனர்.

அருகிலிருந்த பாறையில் ஆசிரியர் தம் துணிப்பையிலிருந்து விளக்கை எடுத்துச் சாய்வாகப் பிடித்தார். எழுத்துகள் நிழலோடு எழுந்து வந்தன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவிடம் என்பது அச்சிறு கல்வெட்டின் செய்தி. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டினது என்று எழுத்தமைதி கொண்டு கணிக்கிறார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஐ’ என்னும் எழுத்து முதன்முதலாகத் தென்படுவது இங்கேதான் என்றார் ஆசிரியர். முப்பது நாள் நோற்று இறந்த இளைய பட்டாரர் என்னும் மற்றொருவருக்கும் அக்குன்றில் கல்வெட்டு உண்டு. மன்னன் பெயர் இல்லை, புகழ்மொழி இல்லை, நாள்களின் எண்ணிக்கை மட்டும்.

எல்லாரும் இறங்கத் தொடங்கியபின் ஓர் அம்மா மட்டும் அங்கேயே நின்றார். சிங்கவரத்திலிருந்தே அவர் பேசவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். வெள்ளிதோறும் இறந்த தம் தாய்க்குப் பூசைக் காணிக்கை தருபவர். பெயரைச் சொல்வார், வேறெதுவும் சொல்லமாட்டார்.

“சாமி, இது தற்கொலைதானே?”

நான் விடை சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். மார்கழியில் இறந்த அவருடைய தாய், கடைசிப் பன்னிரண்டு நாள் எதுவும் உண்ணவில்லை. கஞ்சியைக் கரண்டியில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வற்புறுத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டார். சாவு வீட்டில் உறவினர் ஒருவர், பட்டினி கிடந்து உயிரைவிட்டால் அது தன்னைத்தானே கொன்றதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “அம்மாவுக்குப் பாவமா, ஊட்டாம விட்ட எனக்குப் பாவமா, சாமி?”

இறையியல் வகுப்பில் இக்கேள்விக்கு நான் விடை எழுதியிருக்கிறேன். ரோமை நகர் 410இல் சூறையாடப்பட்டபின் எழுதத் தொடங்கிய ‘இறைவனின் நகர்’ நூலின் முதற்பகுதியிலேயே, மனிதன் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளலாகாது என்று புனித அகுஸ்தினார் விரிவாக வாதிடுகிறார். உயிர் நம் உடைமையன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது திருச்சபையின் மாறாத போதனை. தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்த விதி 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருந்தது. அவர்களைக் கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே புதைத்த கதைகளை நம் முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த உறவினரின் சொல்லில் இருந்தது அந்த மதிலின் நினைவே. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்விதி இல்லை. தம் உயிரைப் போக்கிக்கொண்டோரின் மீட்பைக் குறித்தும் நம்பிக்கையிழக்கலாகாது என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது.

ஆனால் அந்த அம்மாவின் தாய்க்கு இவையெல்லாம் தேவையே இல்லை. “உங்க அம்மா சாக விரும்பினாங்களாம்மா?” என்று கேட்டேன். “இல்லை சாமி. பேரன் கல்யாணத்தைப் பார்க்கணும்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.” விழுங்க முடிந்ததா என்றேன். தண்ணீர்கூட வழிந்துவிட்டது என்றார். உண்பவரிடமிருந்து உணவை நாம் பறிப்பது வேறு. சாவின் வாசலில் உடல் உணவை ஏற்க மறுப்பது வேறு. கொடுத்துப் பார்ப்பது நம் கடமை. ஏற்க இயலாத வாயைத் திணித்து நிரப்புவது கடமையன்று. சாவு நெருங்கிவிட்டபோது, அதை நீட்டிப்பதற்கு மட்டுமே பயன்படும் சுமையான முயற்சிகளை விடுவது பாவமாகாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. “நீங்க உதட்டை நனைச்சீங்களா?” “பஞ்சைத் தொட்டு நனைச்சுக்கிட்டே இருந்தேன், சாமி.” “அதுதாம்மா உங்களால் ஆகக்கூடியது. அதைச் செஞ்சிட்டீங்க.”

“அப்போ இவரு?” என்று கல்வெட்டைக் காட்டினார்.

அதற்கு எளிதாக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் அவனோடு பிசிராந்தையார் சேர்ந்ததும் நம் தமிழ் மரபில் இருக்கின்றன. சமணரின் சல்லேகனை விரக்தியில் செய்வதன்று. முதுமையிலோ தீரா நோயிலோ, ஆசானின் ஒப்புதலோடு, பகையும் பற்றும் களைந்து ஏற்பது என்பர். அது குற்றமென 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நீதிபதிகளுக்கே எளிதாக இல்லை. அது நம் வழியன்று என்பதை அந்த அம்மாவிடம் மறைக்கவில்லை. சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்கு ஆண்டவர் அப்பமும் தண்ணீரும் அனுப்பினார்; எழுந்து உண் என்பதே நமக்குக் கிடைத்த சொல். ஆயினும் சந்திரநந்தி யாரையும் வெறுத்துச் சாகவில்லை, யாரும் அவரைத் தீயில் தள்ளவுமில்லை. அவரைத் தீர்ப்பிடும் வேலை எனக்குத் தரப்படவில்லை என்றேன்.

அவர் சற்று நேரம் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தத் தொடங்கியிருந்தார்.

ஆசிரியர் செஞ்சியில் விடைபெற்றார். சேத்துப்பட்டு வழியே திரும்பினோம். இருளில் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் தெரிந்ததும் பெண்கள் செபமாலையை எடுத்தார்கள். நேர்த்திக்கடன் கேட்ட பெரியவர், “கடைசியில ஒரு மாதா கோயிலும் ஆச்சு” என்று நிம்மதியடைந்தார். செபமாலை முடிந்தபின் வேனின் பின்பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. பக்கத்திலிருந்தவரிடம் தம் தாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பழைய பாவின் நுனியோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பதில் அவருக்கு இணை அவர் தெருவிலேயே இல்லையாம். கண் மங்கிய பிறகும் விரல் தடவியே பிணைப்பாராம். ஆரணி விளக்குகள் தெரியும்வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை.