நாலு பட்டை ஆணி

ஈப்போவில் அச்சகம் நடத்தும் நண்பர்தான் வழி காட்டினார். "லேண்ட் ரோவரைப் பத்தி எழுதணும்னா பிரிஞ்சாங்ல ஒரு பொமன் இருக்காரு, அவரைப் பாருங்க. நாப்பது வருசமா அந்த வண்டிங்களோடயே கெடக்குறாரு" என்றார். அந்த மெக்கானிக்கைத் தேடித்தான் சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினேன். போய்ச் சேர்ந்த மாலையில் அவர் பட்டறையில் ஒரு பழைய புரோட்டோன் சாகா நின்றது. அதன் எஞ்சினுக்குள் முறிந்து மாட்டிக்கொண்ட ஸ்பார்க் பிளக் ஒன்று, நான் எழுத வந்ததை ஓரத்தில் தள்ளிவிட்டது.

லேண்ட் ரோவரைச் சொல்லாமலும் இதை எழுத முடியாது. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி அது. போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலின் பெரும்பகுதி அலுமினியக் கலவைத் தகடு. அதே ஆண்டில்தான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்திலும் அதன் பிறகும் ராணுவம் ஓட்டித் தேய்த்துக் கழித்த வண்டிகள் கேமரன் மலைக் காய்கறித் தோட்டக்காரர்கள் கைக்கு வந்தன. மழையும் மூடுபனியும் ஓயாத மலையில் துருப்பிடிக்காத உடல் பெரிய வரம். கூரையை வெட்டி, பின்பக்கம் பலகை அடித்து, முட்டைக்கோஸ் கூடைகளை மலைபோல் ஏற்றிக்கொண்டு அவை இன்றும் கம்போங் ராஜா, திரிங்காப் சரிவுகளில் முனகிக்கொண்டு ஏறுகின்றன. அளவுக்கு மீறி ஏற்றினால் முதலில் முறிவது பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஆக்சில். முறிந்த ஆக்சில் துண்டுகள் அவர் பட்டறைச் சுவரோரம் விறகு போல் அடுக்கிக் கிடந்தன.

சாகாவின் உரிமையாளர் கீ ஃபார்ம் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் சீனர். "அண்ணே, மச்சாம் மானா?" (எப்படி இருக்கிறது?) என்று அவர் கேட்க, பொமன் மலாயில் பதில் சொன்னார். வண்டி திணறுகிறது என்று பிளக்கை மாற்றப் போயிருக்கிறார்கள். மூன்று கழன்று வந்தன. நாலாவது, ஸ்பானர் மாட்டும் அறுகோணத் தலையோடு முறிந்து கையில் வந்துவிட்டது. மரை உள்ள கீழ்ப்பாதி, 19 மில்லிமீட்டர் நீளம், சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

பிரிஞ்சாங் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது. அதற்கும் மேலே 2,031 மீட்டரில் பிரிஞ்சாங் சிகரம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழே தாப்பாவிலோ ஈப்போவிலோ சரிசெய்த கார்புரேட்டர் இங்கே வந்ததும், காற்று குறைந்து, பெட்ரோல் மிகுந்த கலவையைத் தருகிறது. எரியாத மிச்சம் கரியாகிப் பிளக்கின் நுனியில் படிகிறது. கரி படிந்தால் பொறி சரியாகத் தெறிக்காது. அதனால் கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் இங்கே பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கிறார்கள். கழற்றும் ஒவ்வொரு கையும் தன் பலத்துக்குத் திருப்பி இறுக்குகிறது. சாகாவின் சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் கூடு எஃகு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் அரிமானம் தொடங்கும். மென்மையான அலுமினிய மரைமேல் எஃகு மரை அரித்துப் பிடித்துக்கொள்ளும். லேண்ட் ரோவரின் பழைய 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் ஹெட் வார்ப்பிரும்பு. அதில் துரு பிடிக்கும், ஆனால் மரை எளிதில் பிய்ந்து வராது. அலுமினியத்தில் அந்தச் சலுகை கிடையாது.

"பிளக்கு போனா பத்து வெள்ளி. மரை போச்சுன்னா ஹெட்டை எறக்கணும்" என்றார் அவர். ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட் புதிது, டைமிங் பெல்ட்டைக் கழற்றணும், ஈப்போவில் கடைசல் பட்டறைக்கு அனுப்பிக் கம்பிச்சுருள் மரை போட்டு வரணும். அந்தப் பூக்காரர் அதுவரை சரக்கை எதில் ஏற்றுவார்?

அன்று மாலை பொமன் செய்ததெல்லாம் சுத்தம் மட்டுமே. குழியைச் சுற்றியிருந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூரிகையால் தள்ளி, காற்றடித்து, துணியால் ஒற்றி எடுத்தார். முறிந்த கூட்டுக்குள் பீங்கானின் மிச்சம் இருந்தது. அந்தப் பீங்கான் தொழிற்சாலையில் மேலிருந்து உள்ளே இறக்கப்பட்டு, கூட்டுக்குள் இருக்கும் ஒரு படியில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே முழுதாக இருந்தால் கீழே விழாது, மேலேதான் வரும். தூளானால் சில்லுகள் சிலிண்டருக்குள் உதிரும். கண்ணாடியை அறுக்கும் அளவுக்குக் கெட்டியான சில்லு, பிஸ்டன் ஓட்டத்தில் சுவரைக் கீறிவிடும். மெல்லிய மூக்குக் குறட்டால் அதைப் பிடித்து, ஒடிக்காமல் ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தார். பிறகு துளைமேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "மெதுவாச் சுத்து, மருமகனே" என்றார். அக்காள் மகன் கிராங்க் புல்லியை ஸ்பானரால் திருப்பினான். துளையிலிருந்து காற்று விரலைத் தள்ளத் தொடங்கியதும், "போதும்" என்றார். இரண்டு வால்வும் மூடியிருக்கிறது, பிஸ்டன் இன்னும் கீழேதான் நிற்கிறது என்று அந்த விரல் சொல்லிவிட்டது. வால்வு இருக்கைகளில் தூசு படியாது, உள்ளே இறக்கும் கருவி பிஸ்டனை முட்டாது. மரையைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு விட்டு, துளையைத் துணியால் அடைத்து, அன்றைய வேலையை முடித்துக்கொண்டார். மற்ற பிளக்குகள், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் என்று மருமகன் பார்த்ததெல்லாம் எந்தப் பட்டறையிலும் நடப்பதுதான்.

அன்றிரவு தேநீர்க் கடையில் அவரைப் பேச வைத்தேன். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். அப்பா பச்சைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டியவர். அம்மா கொழுந்து எடுத்தவர். கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் வேரூன்றியது ஜே. ஏ. ரஸல் 1929-ல் போ நிறுவனத்தைத் தொடங்கிய காலம்தொட்டு. காட்டை வெட்டி அந்தச் சரிவுகளைத் தோட்டமாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தமிழர்களுடையது. இன்று லயங்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். இவர் இறங்கவில்லை. பதினாலு வயதில் தானா ராத்தாவில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் பையனாகச் சேர்ந்தார். "மொத ரெண்டு வருசம் ஸ்பானரைத் தொட விடல. எந்த போல்ட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கழுவிக் கழுவியே மனப்பாடம்."

பிறகு, முறிந்த பிளக்கை எடுக்கத் தான் வைத்திருக்கும் நாலு பட்டை ஆணியின் கதையைச் சொன்னார். உடைந்த மரையைச் சுழற்றி எடுக்கக் கடைகளில் கருவி கிடைக்கிறது. பெரும்பாலானவை சுருள் பள்ளம் வெட்டிய கூம்புகள். திருகத் திருக அவை ஆப்பு போல் உள்ளே இறங்கி, மெல்லிய பிளக் கூட்டை வெளிப்பக்கம் விரித்து, முன்னைவிட இறுக்கிவிடும். அதையும் மீறித் திருகினால் கருவியே உள்ளே ஒடியும். ஒடிந்த அந்த எஃகைத் துளைக்கச் சாதாரண டிரில்லால் ஆகாது. இளம் வயதில் இப்படி ஒரு ஹெட் பாழானதைப் பார்த்தவர், தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த ஒரு பெரியவரிடம் போய் நின்றிருக்கிறார். கொழுந்து உருட்டும் இயந்திரங்களுக்குத் தேய்ந்த சாமானையெல்லாம் உலையில் அடித்துக் கொடுத்த கை அந்தப் பெரியவருடையது. "முறிஞ்ச ஆக்சில் ஒண்ணு கொண்டாடா" என்றாராம்.

லேண்ட் ரோவர் ஆக்சில் முறுக்கு விசையைத் தாங்கச் செய்த எஃகு. அதில் ஒரு சாண் வெட்டி, பழுக்கக் காய்ச்சி, நாலு பட்டையாக, நுனி நோக்கி மெல்லச் சிறுக்கும்படி அடித்தார்கள். எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தினார்கள். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி ஒடியும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். மெருகு போட்ட எஃகின்மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வெட்டுக் கருவிக்கு ஆகும். முறுக்கு தாங்கும் ஆணிக்குக் கத்தரிப்பூ நிறம் வரவேண்டும். அந்த நிறம் நுனியை எட்டும் நொடியில் தண்ணீரில் போட வேண்டும். "பெரியவரு சட்டியில பாக்கல, என் மொகத்தையே பாத்தாரு. நான் 'இப்ப'ன்னு சொல்லணும். மூணு ஆணி வீணாச்சு. நாலாவதுதான் இது." பெரியவர் இறந்து பல காலம் ஆகிறது. அந்தத் தொழிற்சாலையில் இப்போது உலை இல்லை.

மறுநாள் காலை குளிர் விறைத்தது. கொதிக்கும் தண்ணீரில் நனைத்த துணியைப் பிளக் குழியைச் சுற்றி அலுமினியத்தின்மேல் போட்டுப் போட்டு எடுத்தார் அவர். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில், எழுபது டிகிரி சூடேறினால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். எண்ணெய் நுழைய அது போதும். ஆணியின் பட்டைகளில் கிரீஸ் பூசினார், உதிரும் துகள் அதில் ஒட்டிக்கொள்வதற்காக. கூட்டுக்குள் இறக்கி, சிறு சுத்தியலால் தட்டினார். சத்தம் மாறும்வரை தட்டினார். நாலு விளிம்பும் கூட்டின் உள்சுவரைக் கடித்ததும் ஒலி தடித்தது. ஆணியின் தலையில் ஸ்பானரை மாட்டி இடப்பக்கம் அழுத்தினார். அசையவில்லை. மறுபடி வெந்நீர்த் துணி, மறுபடி எண்ணெய். அடுத்த அழுத்தலில் 'டிக்' என்று ஒரு சத்தம். நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் உடனே வலப்பக்கம், உள்ளே திருப்பினார். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய். மரையில் உள்ள கரி அரைபட்டு வெளியே வரவேண்டும். ஒரே மூச்சில் திருகினால் அந்தக் கரியே அலுமினிய மரையைச் சுரண்டிவிடும். இப்படியே அரை மணிக்கு மேல் போனது. இதில் பேச்சே இல்லை. மருமகன் மட்டும் ஒருமுறை, "மாமா, எளகிருச்சு" என்றான். கடைசியில் கூடு ஆணியோடு சேர்ந்து, நுனியில் வளைந்த மின்முனை சிதையாமல், முழுசாக வந்தது.

அந்தக் கூட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மரை சொரசொரப்பாக இருந்தது. மேல்பூச்சு உரிந்திருந்தது. நசுங்கு வளையம் விரல் பட்டதும் நழுவி விழுந்தது. நல்ல பிளக்கில் அந்த வளையம் எளிதில் கழன்று வராதாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியையும் எழுத்தையும் அப்படியே நகலெடுத்து விற்கும் போலிச் சரக்கு அது.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. போலிப் பிளக்கைக் கீழே வாங்கி மேலே கொண்டுவந்து கடனுக்கு இறக்கிவிட்டுப் போகும் தரகருக்கு லாபம் அன்றைக்கே உறுதி. முறிந்தால் அவர் இங்கே இருக்க மாட்டார். கடைக்காரருக்குத் தெரியாது, வண்டிக்காரருக்குப் புரியாது. கடைசியாகத் தொட்ட கைதான் பழியைச் சுமக்கிறது. ஹெட் பிளந்தால் பொமன் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பிளக் நல்லபடி வந்துவிட்டாலோ, "ஒரு பிளக்கைக் கழட்டினதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுவார்கள். முட்டைக்கோஸ் விளைவிப்பவர் கதையும் இதுவேதான். நஷ்டத்தைத் தாங்குவது மலையில், விலையை முடிவு செய்வது கீழே. பொருளுக்கு ரசீது கேட்காமல் கொடுக்கும் நாம், ஒரு மனிதனின் நேரத்துக்கு மட்டும் கணக்குக் கேட்கிறோம். இது அநியாயம். போலிச் சரக்கு விற்பவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் பிரிஞ்சாங்கின் பின்தெருவில் ஒரு பொமன், முறிந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் முறையிடுவார்?

மருமகன் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் படித்தவன். கைப்பேசியில் ஓர் அமெரிக்கக் கதையைக் காட்டினான். 2004 முதல் 2008 வரை ஃபோர்டு நிறுவனம் விற்ற சில 5.4 லிட்டர் எஞ்சின்களில் பிளக்கின் கீழ்ப்பகுதி இரு துண்டாகச் செய்யப்பட்டிருந்தது. கரி பிடித்து, கழற்றும்போது கீழ்த்துண்டு ஹெட்டிலேயே தங்கிவிடும். எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்களோ, அதை எடுப்பதற்கென்றே தனிக் கருவி செய்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். "இப்ப வர்ற காடியில எல்லாம் இரிடியம் பிளக்கு. ஒரு லட்சம் கிலோமீட்டர் தொடவே வேணாம்னு சொல்றாங்க. அப்ப எத்தனை வருசம் உள்ளயே ஊறும், மாமா?" என்றான். அவன் கேட்டது சரியான கேள்வி. பிளக்கின் ஆயுள் கூடக்கூட, அதைக் கழற்றும் நாளின் ஆபத்தும் கூடுகிறது. இந்தக் கைவேலைக்குத் தேவை தீரவில்லை.

மரையைச் சீர்செய்யும் டாப்பைக் கிரீஸ் பூசி இறக்கி, உள்ளே காற்றடித்து, பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுழலவிட்டு மிச்சத் துகளை வெளியே ஊதினார்கள். புதுப் பிளக்கை ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே கடைசிவரை திருகினார். அதன் பிறகு ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. "வெரல்ல போகாத பிளக்கை ஸ்பானர்ல போடாதே. பைப்பு மாட்டி இறுக்குறவன்தான் அடுத்த பொமனுக்கு வேலை வைக்கிறான்."

பில் எழுதும்போது மாமாவுக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம் வந்தது. அவர் நாலு பிளக்கின் விலையோடு கூலியையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதச் சொன்னார். அவன் மறுத்தான். பிளக் விலை ஒரு வரி, "முறிந்த பிளக் எடுத்த கூலி, அறுபது வெள்ளி" என்று மலாயில் இன்னொரு வரி எழுதினான். பூக்கடைக்காரர் இரண்டாவது வரியில் விரல் வைத்து நிமிர்ந்தார். மருமகன் எண்ணெய் வடிந்த அந்தக் கூட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, எங்கே முறிந்தது, எப்படி வந்தது என்று சொன்னான். அவர் கேட்டுக்கொண்டு, பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, மீதி மூன்று பழைய பிளக்கும் இதே பெட்டியில் வந்ததா என்று விசாரித்தார்.